மூன்றாம் ஓலை

இன்னைக்கு என் பேரை வாசிப்பாங்களா மாட்டாங்களா, அதுதான் கேள்வி, வேற ஒண்ணும் இல்ல, நீ பாட்டுக்கு மூச்சை இழு, விடு, டாக்டர் சொல்லிக் குடுத்த மாதிரி மெதுவா இழு, மெதுவா விடு. ஆனா கோயிலுக்குள்ள உக்காந்து இப்படிப் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டா பக்கத்துல இருக்க லாசர் மாமா திரும்பிப் பாக்காரு, என்னல மாப்ள, படபடன்னு வருதோன்னு கண்ணாலயே கேக்காரு. நான் சிரிச்சு வைக்கேன். கல்யாண மாப்ளன்னா படபடன்னுதான வரணும். சாமியார் பிரசங்கத்த ஆரம்பிச்சிட்டாரு, இனி அது முடிஞ்சு, காணிக்கை எடுத்து, எழுந்தேற்ற மணி அடிச்சு முழந்தாள் போட்டு, எல்லாரும் நன்மை அப்பம் வாங்கி, அதுக்கப்புறம்தான் அறிவிப்பு. அதுவரைக்கும் இந்தப் பெஞ்சுல நான் இருந்தாகணும். எங்க கடக்கரைல கல்யாணம்னா மூணு ஞாயிறு ஓலை வாசிக்கணும், பையன் ஊர்க் கோயில்லயும் பொண்ணு ஊர்க் கோயில்லயும். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் கல்யாணம், இதுக்குத் தடை ஏதும் தெரிஞ்சவங்க பங்குச் சாமியார்ட்ட வந்து சொல்லணும்னு. ரெண்டு ஓலை முடிஞ்சாச்சு, இது மூணாவது. ஓலை வாசிக்கிற பூசைக்கு மாப்பிள்ளைப் பையன் வரமாட்டான், வெக்கம். போன ரெண்டு வாரமும் நான் வரல. இன்னைக்கும் அம்மா, நீ எதுக்குல வார, ஊரே ஒன்னயத்தான் பாக்கும்னு சொல்லத்தான் செஞ்சா. கேக்காம வந்தேன். ஏன்னா வியாழக்கிழமை சாயங்காலம், நான் கட்டிக்கப் போற ரெமிஜியாவுக்குப் போன் போட்டு, எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வராது ரெமி, ஆம்பளைங்க மேலதான் வரும், சின்னதுலருந்தே அப்படித்தான், ஒன்னய ஏமாத்த எனக்கு மனசு வரலன்னு சொல்லிட்டேன். அவ சரின்னா. போன வச்சிட்டா. அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்ல.

சரின்னா என்ன அர்த்தம்? மூணு நாளா இந்த ஒத்தச் சொல்லத் தூக்கிப் பிடிச்சு இப்படிப் பாக்கேன், அப்படிப் பாக்கேன். சரி, எனக்கு விளங்குது. சரி, இனி எம் மூஞ்சியில முழிக்காத. சரி, அதுனால என்ன, கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போவும். சரி, எங்கப்பாட்ட சொல்லுதேன். இதுல எந்தச் சரி? அவ நர்ஸு, ஆஸ்பத்திரில நோயாளிகிட்டச் சொல்ற சரியா இருந்தாலும் இருக்கும், ஊசி போட்டுட்டு, சரி படுங்கன்னு. இன்னைக்கு ஓலை வாசிச்சாங்கன்னா அவ யார்ட்டயும் சொல்லலன்னு அர்த்தம், முழுங்கிட்டான்னு அர்த்தம், பிறகு கல்யாணம்தான், மேளம்தான், நான் பொய்யா ஒரு ஆயுசு முழுக்க அவகூட ஒரே கட்டில்ல. வாசிக்கலன்னா சொல்லிட்டா. சொல்லிட்டான்னா மத்தியானத்துக்குள்ள எங்க வீட்டுக் கூரை மேல நிக்காது. ரெண்டுல எது வேணும் ஒனக்கு, சொல்லுல கிளீட்டஸ், எது வேணும்? ரெண்டும் வேண்டாம் மாதாவே. இந்தப் பிரசங்கம் முடியாமலே இருக்கட்டும், சாமியார் அந்த நல்ல மேய்ப்பனையும் காணாமப் போன ஆட்டையும் வச்சுச் சாயங்காலம் வரைக்கும் பேசட்டும், நான் இப்படியே கைய மடில வச்சுக்கிட்டு இருந்துட்டுப் போறேன். உள்ளங்கை வேர்த்துப் போச்சு. பேண்ட்ல தொடைச்சா தடம் தெரியும், வெளிர் நிறப் பேண்டு, நிச்சயத்துக்கு எடுத்தது.

தடைன்னு சொன்னா எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச தடையே வேற. முன்னாடியே ஒரு கல்யாணம் ஆகியிருக்கணும், இல்ல ரத்த உறவா இருக்கணும். நான் ஏழாப்பு படிக்கும்போது ஒரு ஓலை நின்னுச்சு. வாசிச்சு முடிக்கல, பொம்பளையாளுவ பக்கத்துலருந்து ஒரு சின்னம்மை எந்திச்சு, சாமி, அதுக ரெண்டும் அண்ணன் தங்கச்சி முறைல்லா, இந்தப் பய தாத்தாவும் அந்தப் பிள்ள தாத்தாவும் ஒருதாய் மக்க, இவ்வளவு பேரு இருக்கிய, ஒருத்தருக்குமா தெரியலன்னு கத்துச்சு. சேசு மரி சூசை, அந்தக் கதைய வச்சு ஊரு ஒரு வருசம் சிரிச்சுச்சு. இப்பவும் ஓலை வாசிக்கும்போது எல்லாரும் அந்தச் சின்னம்மையத் திரும்பிப் பாப்பாங்க, அதுவும் பெருமையா உக்காந்திருக்கும். அது கண்ணுக்கு முறை தெரியும், சம்பந்தம் தெரியும், நான் தெரிவேனா? ஓலை எழுதுறதுக்கு முன்னாடி சாமியார் என்னயத் தனியா அறைல உக்கார வச்சுக் கேட்டாரு, முழு மனசோடதான் சம்மதிக்கியா, யாரும் கட்டாயப்படுத்துனாங்களான்னு. நல்ல மனுசன், டீ குடுத்தாரு. இல்ல சாமின்னேன். ஒரு நொடி கூட யோசிக்கல, பொய் அப்படி வாய்ல தயாரா நிக்கி. ரெமியையும் அவ ஊர்ச் சாமியார் இதே மாதிரி உக்கார வச்சுக் கேட்டிருப்பாரு. அவ உண்மையத்தான் சொல்லியிருப்பா, பாவி, அவளுக்கு என்னயப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. பேச ஆரம்பிச்ச புதுசுல ஒருநாள், ஏன் நீங்க எது பேசினாலும் மன்னிப்புக் கேக்கிற மாதிரியே பேசுறீங்கன்னா. நான் சிரிச்சு மழுப்புனேன். வார்டு கதையெல்லாம் சொல்லுவா, ஒரு தாத்தா ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்ச கதை, நான் வயிறு நோவச் சிரிச்சேன். ஒரு பொண்ணு கூட அப்படி மனசுவிட்டுச் சிரிச்சது அதுதான் முதல் தடவை. அவ எனக்குத் தங்கச்சியாப் பொறந்திருக்கலாம். பாரு, என்ன நினைப்பு இது, கட்டிக்கப் போறவளப் பாத்து.

அம்மா அங்கன பொம்பளையாளுவ பக்கம் மூணாவது பெஞ்சுல, ஊதாச் சேலை முக்காடு. இங்கருந்து முதுகு மட்டும் தெரியுது. மெலிஞ்சு போயிருக்கா. மெலியாம என்ன செய்வா, எத்தனை செவ்வாய்க்கிழமை ஒருசந்தி இருந்தா, அந்தோணியாருக்கு நேர்ந்துக்கிட்டு, பச்சத் தண்ணி கூட உச்சிப் பொழுது வரைக்கும் கிடையாது. எதுக்கு? எம்மவன் கல்யாணத்துக்குச் சம்மதிக்கணும்னு. எனக்குத் தூக்கம் போச்சு, சோறு இறங்கல, கண்ணு குழி விழுந்துச்சு, இதெல்லாம் பாத்துட்டு எங்கம்மா கண்டுபிடிச்ச நோயி என்ன தெரியுமா, வயசுப் பையன், பொண்ணு ஏக்கம். நல்லா இருக்கே கதை! வியாதியும் அவளே சொன்னா, மருந்தும் அவளே பாத்தா. செவ்வாய்க்கிழமை ஆனா அடுப்படில அவ வாய் வறண்டு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு எனக்கு மீன் பொரிச்சுத் தருவா, தான் தொடமாட்டா, நான் சாப்பிடுறதப் பாத்துக்கிட்டே நிப்பா. சண்டை போட்டிருந்தா எதிர்த்து நின்னிருப்பேன். அழுதிருந்தாக்கூட வெளிய எந்திச்சுப் போயிருப்பேன். ஒரு வார்த்தை கேக்காம பட்டினி கிடக்கிறவகிட்ட என்ன பேச? ஒரு செவ்வாய்க்கிழமை தலை சுத்தி மாவுச் சட்டி பக்கத்துல உக்காந்துட்டா. நான் ஓடிப்போய்த் தூக்குனேன், அவ கண்ணத் தொறக்கும் முன்னாடியே, யம்மா, கட்டிக்கிறேம்மா, நீ எவளச் சொன்னாலும் கட்டிக்கிறேன், சாப்புடுன்னுட்டேன். அவ அந்தோணியார் படத்தப் பாத்துக் கும்புட்டா, என்னயப் பாத்துச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சுப் பாத்து எவ்வளவு நாளாச்சு. இப்ப அந்தச் சிரிப்பத்தான நான் போய்ப் பிடுங்கப் போறேன்.

எல்லாரும் எந்திக்காங்க, நானும் எந்திக்கேன். காணிக்கைப் பாட்டு. எந்திச்சா நடை ஞாபகம் வந்துருது, எப்பவும் அதுதான், எந்திச்சாச் செத்த நேரம் கால் எப்படி இருக்குன்னு பாக்கணும், தோள் எப்படி இருக்குன்னு பாக்கணும். பெரிய வாரத்துல சேசு பாடுபட்ட பாஸ்கா நாடகம் போடுவாங்க எங்க தெருவுல, பொம்பள வேசத்துக்கும் பையம்மாருதான். எருசலேம் பொம்பளைங்க கூட்டத்துல ஒருத்தியா என்னய நிறுத்துனாங்க, அழணும், அவ்வளவுதான். சேலை உடுத்தி நான் அழுத அழுகையில ஊரே அழுதுச்சு. அப்படியே பொம்பளைல்லா, அந்தக் கைய வச்சிருக்கத பாரேன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. மறுநாள் பள்ளிக்கூடத்துல அது வேற பேரா மாறுச்சு. அந்தப் பேர நான் இங்க நினைக்கமாட்டேன், கோயில். அதுக்குப் பிறகு விடியக்காலம் கடக்கரைக்குப் போயி நடந்து பழகுவேன், நடந்துட்டுத் திரும்பி என் காலடித் தடத்தப் பாப்பேன், நேரா இருக்கா, ஆம்பள தடமா இருக்கா? ஆம்பள தடம்னா என்னன்னு யாருக்குல தெரியும்? எங்கப்பா வலை தூக்கிட்டு முன்னால போயிருப்பாரு, அவரு தடத்துல என் கால வச்சு வச்சுப் பாப்பேன், பெருசா இருக்கும், எட்டாது. எனக்குச் சேலை மேல ஆசை இல்ல, பொம்பளையா மாறணும்னு இல்ல, அது வேற ஆட்கள், அவங்களுக்கு வேற நோவு. நான் ஆம்பளதான். ஆனா அந்தச் சின்ன வயசுல எனக்கு அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் சொல்லித்தர ஒரு நாதியில்ல, கேலி பண்றவனுக்கு அது தேவையும் இல்ல. இப்பவும் கண்ணாடியில நான் முகத்தப் பாக்கிறதில்ல, மணிக்கட்டத்தான் பாக்கேன், தொங்குதான்னு.

மணி அடிக்குது. முழந்தாள் போடணும். கூடப் படிச்ச ஜெர்வாஸ் இப்படித்தான் முழந்தாள் போட்டு உக்காந்திருந்தான் பாலிடெக்னிக் ஹாஸ்டல் மொட்டை மாடில, சட்டைக்கு சோப்புப் போட்டுக்கிட்டு. நான் வாளி தூக்கிட்டு வந்தேன். ஏல, காலரத் தேய்ச்சுக் குடுன்னான். அவ்வளவுதான் சொன்னான். அந்த நிமிசம் எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. மூணு வருசம். அவன் பைக்கு பின்னால உப்பளத்து ரோட்டுல போகும்போது காத்துல அவன் சட்டை என் முகத்துல அடிக்கும், நான் நகரமாட்டேன். கேவலமா ஒண்ணும் இல்ல ஆண்டவரே, உமக்குத் தெரியும், நீர் பாத்துக்கிட்டுத்தான இருந்தீரு, எங்களுக்குள்ள இருந்தது வேற எவனுக்கும் வாய்க்காது. பிறகு அவனுக்கு வளைகுடால வேலை கிடைச்சுது. முதல்ல தினம் பேசுனான், பிறகு ஞாயித்துக்கிழமை பேசுனான். பிறகு ஒருநாள், நீயும் கட்டிக்கோல, எல்லாரும் கட்டிக்கத்தான் செய்றாங்க, என்ன செத்தா போறாங்கன்னு சொன்னான். கோவம்னா அப்படி ஒரு கோவம் எனக்கு. போடா நாயேன்னு வச்சிட்டேன். செத்தா போறாங்கன்னானே! அந்த வாரம்தான் நான் துறைமுகப் பாலத்துல போய் ரொம்ப நேரம் நின்னேன். தண்ணியப் பாத்துக்கிட்டே நின்னேன், அவ்வளவுதான் சொல்லுவேன். சுண்டல்காரர் ஒருத்தர் சைக்கிள நிறுத்திட்டு, தம்பி, ஒரு பொட்டலம் மிஞ்சிப் போச்சு, வாங்கிக்கிடுங்கன்னாரு. வாங்குனேன். தின்னேன். தின்னு முடிச்சப்ப பயம் வந்துச்சு. மறுநாள் டவுனுக்கு பஸ் ஏறிட்டேன் டாக்டரப் பாக்க.

முதல் தடவை அவர்ட்ட எல்லாத்தையும் சொன்னேன், ஒண்ணத் தவிர. தூக்கம் இல்ல, நெஞ்சு அடிக்கி, செத்துரலாம்னு வருது. மாத்திரை குடுத்தாரு. ரெண்டாந் தடவை அந்த ஒண்ணயும் சொன்னேன், தரையப் பாத்துக்கிட்டே. சொல்லிட்டு அடி வாங்கப் போறவன் மாதிரி தோள ஒடுக்கிக்கிட்டு இருந்தேன். அந்த மனுசன் பேனாவ மூடி வச்சிட்டு, தம்பி, அது வியாதி இல்ல, அதுக்கு எங்கிட்ட மருந்தும் இல்ல, மாத்திரை ஒங்க தூக்கத்துக்கும் பயத்துக்கும்தான், அந்தப் பயத்த ஒங்களுக்குள்ள போட்டது யாருன்னு நாம பேசுவோம்னாரு. ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல உக்காந்து மூக்கு ஒழுக அழுதேன். இருபத்தி நாலு வயசுல ஒருத்தர் முதல் தடவையா வியாதி இல்லன்னு சொல்லுதாரு. ஆனா அதுக்குள்ள நிச்சயம் முடிஞ்சு, மண்டபம் பிடிச்சு, ரெண்டு ஓலையும் வாசிச்சாச்சு. வியாதி இல்லன்னா பிறகு எதுக்குல அந்தப் பொண்ண மருந்தாக் குடிக்கப் போற? அதத்தான் நினைச்சேன், நினைச்சதும் போன எடுத்துட்டேன். நல்லவன்னு இல்ல, தாங்க முடியல.

வரிசை நகருது, எல்லாரும் நன்மை வாங்கப் போறாங்க. லாசர் மாமா என் முழங்கால இடிச்சுக்கிட்டுப் போறாரு, நான் போகல. ரொம்ப நாளாச்சு நான் நன்மை வாங்கி. கல்யாணத்துக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனம் பண்ணி, சாமியார்ட்டப் பாவத்தச் சொல்லிட்டு வாங்குவான் போலன்னு ஊரு நினைச்சுக்கும், எங்க ஊர் ஆளுக எதையும் நல்லபடியா நினைக்கணும்னா அப்படி நினைக்கும். அம்மா வாங்கிட்டுத் திரும்பி வாரா, கைகூப்பி, கண்ணு தாழ்த்தி, என் பெஞ்சத் தாண்டும்போது மட்டும் ஒரு பார்வை. அதுல கோவம் இல்ல, ஆசைதான், பாவம். மாதாவே, வாசிச்சிரட்டும். இல்ல, வேண்டாம். வாசிச்சிரட்டும், நான் எப்படியாவது இருந்துக்கிறேன், ரெமி நல்ல பிள்ளை, பேசிச் சிரிச்சுக்கிட்டே காலத்த ஓட்டிரலாம். அவளுக்கு? அவளுக்கு என்னல மிஞ்சும்? வேண்டாம் சாமி, வாசிக்காதீரும். சாமியார் கண்ணாடிய மாட்டுதாரு. நற்கருணை ஆராதனை வெள்ளிக்கிழமை. மறைக்கல்வி வகுப்பு கிடையாது. மைக் கீச்சுங்குது. திருமண அறிவிப்பு. நமது பங்கைச் சேர்ந்த. என் காது ரெண்டும் அடைச்சுப் போச்சு, தண்ணிக்குள்ள கேக்கிற மாதிரி கேக்கு. ஸ்டெல்லா அக்கா மவன் பேரு, அவன் கட்டிக்கப் போற பொண்ணு பேரு, அது முதல் ஓலை. அடுத்து ஒரு பேரு, அது ரெண்டாம் ஓலை. சாமியார் தாள மடிக்காரு. எழுந்து நிற்போம்ங்காரு. வாசிக்கல. என் பேரு இல்ல. பெஞ்சு பெஞ்சாத் தலை திரும்புது, லாசர் மாமா வாயத் தொறந்துட்டு மூடிக்கிட்டாரு, அந்தச் சின்னம்மை எட்டி எட்டிப் பாக்கு. அம்மா முதுகு அசையல. பூசை முடிஞ்ச கையோட மணியடிக்கிற கோயில்பிள்ளை வந்து அவ காதுல என்னமோ சொல்லுதான், அவ பீடத்துக்குப் பின்னால சாமியார் அறைக்குள்ள போறா.

நான் வெளிய கொடிமரத்து நிழல்ல நிக்கேன். ஓடிரலாம்னு தோணுது, கால் வரமாட்டேங்குது. அம்மா வந்தா. முக்காடு தோள்ல விழுந்து கிடக்கு, எடுத்துப் போடல. நான் எதுக்கெல்லாமோ தயாரா இருந்தேன், அவ சொன்னதுக்கு மட்டும் தயாரா இல்ல. மோசம் போயிட்டோம்ல ராசா, அந்த மூதேவி நேத்து அவ ஊர்ச் சாமியார்ட்டப் போயி, இந்தக் கல்யாணத்துல எனக்குச் சம்மதமில்ல, நான் வேற ஒருத்தன மனசுல வச்சிருக்கேன்னு சொல்லிட்டாளாம்ல. எவன்னு கேட்டா வாயத் தொறக்கலயாம். அவ அப்பன் கோயில் முற்றத்துல வச்சே அவளச் செவுள்ல அறைஞ்சானாம். நல்லா வேணும், எம் பிள்ள வாழ்க்கையோட விளையாடுன சிறுக்கிக்கு இன்னும் வேணும். அம்மா சொன்னத எனக்கு நம்ப முடியல. வேற ஒருத்தனா? ஒருத்தனும் கிடையாது, எனக்குத் தெரியும், அவ தூங்கி எந்திக்கிறதுலருந்து எனக்குத் தெரியும். அந்தச் சரிக்கு இதுதான் அர்த்தமா ரெமி? எனக்காக அறை வாங்கிக்கிட்டியா? இனி எந்த ஓலையில ஒம் பேர வாசிப்பாங்க? ஒரு நிமிசம், பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிசம் நெஞ்சு லேசாயிருச்சு. தப்பிச்சிட்ட கிளீட்டஸ். இப்ப நீ ஏமாந்த பையன். ஊரே ஒன்மேல இரக்கப்படும், ஒரு வருசத்துக்கு ஒருத்தனும் கல்யாணப் பேச்ச எடுக்கமாட்டான், நீ பேசாம மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாப் போதும். நின்னேன். அம்மா விடல, அவ விளங்குவாளா, அவ வயித்துல ஒரு புழு பூச்சி தங்குமான்னு மண்ண வாரித் தூத்தப் போனா. நான் அவ கையப் பிடிச்சிட்டேன். யம்மா, வையாத. அவளுக்கு எவனும் கிடையாது. அவ எனக்காகப் பொய் சொல்லியிருக்கா. எனக்குப் பொண்ணுங்கள ஆகாதும்மா, ஆம்பளையத்தான் மனசு தேடும், நான் அவகிட்டச் சொன்னேன், அதான். என்னல சொல்லுதன்னா. மறுபடி சொன்னேன். முதல்ல சொன்னதவிட ரெண்டாந் தடவை சத்தமா வந்துச்சு.

அவ கை என் கைக்குள்ள சில்லுன்னு ஆயிருச்சு. உருவிக்கிட்டா. என்னயப் பாக்கல, கோயில் கோபுரத்தப் பாக்கல, தரையில அவ செருப்பப் பாத்துக்கிட்டே நிக்கா. இத்தனை செவ்வாய்க்கிழமைன்னு வாய்க்குள்ள சொன்னா, அதுக்கு மேல வரல. நான் என்னமாவது சொல்லணும்னு வாயத் தொறக்கேன், அதுக்குள்ள அந்தச் சின்னம்மை எங்களப் பாத்து வேகவேகமா வந்துருச்சு, பின்னாலயே இன்னும் நாலு பொம்பளையாளுவ. என்ன மதினி, ஓலை வாசிக்கலயே, பொண்ணு ஒரு மாதிரின்னு பேச்சு வருதே, எவனோடயோ தொடுப்பாமே, நல்ல காலம் முன்னாலயே தெரிஞ்சுதுன்னு கேக்கு. அம்மா மெதுவா முக்காட்ட எடுத்துத் தலையில போட்டா, ஓரத்த இழுத்துச் சரி பண்ணுனா. யாரு சொன்னா அப்படின்னு கேட்டா. குரல் நடுங்குது, ஆனா எல்லாருக்கும் கேக்கிற மாதிரித்தான் கேட்டா. அந்தப் பிள்ள மேல ஒரு குத்தமும் கிடையாது, தங்கமான பிள்ள, இன்னொருக்க எவளாவது வாய வச்சியள்னா நல்லா இருக்காது பாத்துக்கிடுங்க. எங்க வீட்லதான் வேண்டாம்னுட்டோம். சின்னம்மை, எதுக்குன்னு கேட்டுச்சு. அது எங்க வீட்டுக் காரியம்னு சொல்லிட்டு அம்மா என்னயப் பாக்காமலே வீட்டப் பாத்து நடந்தா. நான் பின்னாலயே போனேன்.